கூர்ப்பல் திருக்கை

மார்ச் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். நீங்களும் சுகம் என்றுதான் எழுதுவீர்கள், அதனால் கேட்கப்போவதில்லை. மூட்டு வலித் தைலம் தீர்ந்துவிட்டதா என்பதை மட்டும் சொல்லுங்கள்.

போன ஞாயிறு போனில் நான் கத்திய கத்தலுக்குப் பக்கத்து அறைக்காரி வந்து கதவைத் தட்டினாள். உங்களுக்கோ ஒன்றும் கேட்கவில்லை. இனிமேல் கடிதம்தான் நமக்குச் சரிப்படும். நான் கத்தியது இதைத்தான்: இந்த மாதமும் எனக்கு லீவு கிடையாது. திருக்கைகள் இனப்பெருக்கத்துக்குத் தயாராகும் நேரம், தொட்டிகளை விட்டு நகர முடியாது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள்.

இதோடு வரும் மாத்திரைக் குப்பியில் பற்கள் இருக்கின்றன. சுறாவுக்கும் திருக்கைக்கும் ஆயுள் முழுக்கப் பல் விழுந்து முளைத்துக்கொண்டே இருக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தொட்டியின் வடிகட்டியில் பல மாதமாகச் சேர்த்தவை இவை. வேண்டுமென்றே விவரம் எதுவும் எழுதவில்லை. உங்கள் கண்ணுக்கு எப்படிப் படுகிறதோ அப்படிப் பிரித்துச் சொல்லுங்கள். அவசரமில்லை என்று எழுத நினைத்தேன். அவசரம்தான்.

உங்கள் மகள்

மார்ச் 29

என் செல்ல மகளுக்கு,

தைலம் பாதி இருக்கிறது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. வைத்துக்கொண்டாலும் இங்கே பார்க்க ஆள் யார்?

ஓய்வு பெற்ற கிழவனை நம்பி வேலை கொடுத்தாயே, சந்தோஷம். நான் வேலை பார்த்த அருங்காட்சியகத்துக்கே குப்பியை எடுத்துப்போய், ஈரத் தூரிகையால் ஒவ்வொன்றாக எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். இரண்டே ரகம். ஒன்று தட்டை, நண்டு சிப்பியை நொறுக்குவதற்கு. இன்னொன்று கூர். சத்தியம் செய்யச் சொன்னால் செய்வேன், இவை இரண்டு வகைத் திருக்கை. பல்லை மட்டும் பாறையில் விட்டு எப்போதோ அழிந்துபோனவை என்று நான் பெயர் வைத்த இரண்டு வகைக்கும் உறவுக்காரர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்!

பழைய கதை உனக்கு நினைவிருக்கும். தட்டைப் பல்காரிக்கு முதலில், அந்தப் பற்கள் கிடைத்த கல்குவாரியின் பெயரை வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நான் அங்கே போய்விடுவதைப் பார்த்து, "அந்தக் குவாரிதான் எனக்குச் சக்களத்தி" என்று உன் அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவாள். அவள் போன பிறகுதான் கூர்ப்பல்காரிக்கு அவள் பெயரை வைத்தேன். இருக்கும்போது வைத்திருக்கலாம்.

காவலாளி தினமும் கேட்கிறான், "என்ன சார், இன்னிக்கும் அம்மா டிராயருக்கா?" என்று. யார் வந்தாலும் அந்தக் கூர்ப்பல் டிராயரைத் திறந்து காட்டி, அவள் பெயரைச் சொல்லித்தான் அனுப்புகிறேன். நீ எப்போது வருகிறாய்?

அப்பா

ஏப்ரல் 18

அன்புள்ள அப்பாவுக்கு,

இதை எழுதிக் கிழித்து, மறுபடி எழுதுகிறேன்.

குப்பியில் இருந்த பற்கள் எல்லாம் ஒரே மீனுடையவை. தனித் தொட்டியில் வைத்திருக்கும் ஓர் ஆண் திருக்கை. பெண்கள் தொட்டிப் பக்கமே ஒட்டிக்கொண்டு கிடப்பதால் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர். மற்ற மாதங்களில் அதன் பல் பெண்ணுடையதைப் போலவே தட்டை. இனப்பெருக்கக் காலம் வந்தால் புதிதாக முளைப்பதெல்லாம் கூராக வருகிறது, பெண்ணின் இறக்கை ஓரத்தைக் கவ்விப் பிடித்துக்கொள்ள. காலம் முடிந்ததும் மறுபடி தட்டை.

அப்படியானால் பாறையில் நீங்கள் கண்ட இரண்டு வகையும் ஒன்றுதான் அப்பா. ஒரே உயிருக்கு இரண்டு பெயர் வைத்துவிட்டால் முதலில் வைத்த பெயர்தான் நிற்கும் என்று எனக்கு விதியைச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள். அம்மாவின் பெயர் போய்விடும்.

உங்களுக்குப் பரீட்சை வைக்க அனுப்பவில்லை. ஏதாவது ஒரு வித்தியாசத்தைக் கண்டுபிடித்து, 'நீ தப்பு, போடி' என்று எழுதுவீர்கள் என்று நம்பி அனுப்பினேன். இதைப் பற்றி நான் எழுதும் ஆய்வுக் கட்டுரையை உயிருள்ள மீனோடு நிறுத்திக்கொள்கிறேன். பாறைப் பற்களைப் பற்றி மூச்சு விடமாட்டேன். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். உங்களுக்கு அந்த டிராயர்தான் துணை என்று தெரிந்தும் அதில் கை வைக்கிறேன். தூக்கம் வரவில்லை அப்பா.

உங்கள் மகள்

ஜூன் 2

அன்புள்ள அப்பாவுக்கு,

பதிலே இல்லை. எதிர்வீட்டு அக்காவுக்குப் போன் செய்தேன். "சார் காலைல போறாரு, இருட்டினப்புறம்தான் வர்றாரு. யார்கிட்டயும் ஒரு பேச்சுமில்ல" என்றார். சாப்பிடுகிறீர்களா? திட்டியாவது எழுதுங்கள். கட்டுரையை இன்னும் அனுப்பவில்லை.

உங்கள் மகள்

ஜூன் 20

என் செல்ல மகளுக்கு,

திட்டச் சொன்னாய், முதலில் அதை முடித்துவிடுகிறேன். பெற்ற அப்பனுக்கே விவரம் மறைத்துப் பல்லை அனுப்புவாயா, கழுதை? நானும் சத்தியம் வரைக்கும் போனேனே! உன் கடிதத்தைப் படித்த அன்று உன்மேல் வந்த கோபத்தில் சாப்பிடவில்லை. மறுநாள் பசி வந்துவிட்டது.

அப்புறம் உன்னைத் தப்பு என்று நிரூபிக்கத்தான் தினமும் போனேன். 'தேய்ந்தவை' என்று எழுதி ஓரமாக வைத்திருந்த ஒரு டப்பா உண்டு. கூருமில்லாமல் தட்டையுமில்லாமல் இருந்த பாறைப் பற்களையெல்லாம் அதில்தான் போட்டிருந்தேன். அவற்றை எடுத்து, தட்டையில் தொடங்கிக் கூர் வரைக்கும் மேசைமேல் வரிசையாக அடுக்கினேன். கலைத்துக் கலைத்து அடுக்கிப் பார்த்தும், எந்த இடத்தில் கோடு போட்டு இரண்டாகப் பிரிப்பது என்று தெரியவில்லை. நீ சொன்னதுதான் சரி.

பெண்டாட்டி பெயரை, பெண் தேடி அலையும் ஆண் திருக்கைக்கு வைத்த ஆள் உலகத்திலேயே நான் ஒருவன்தான். அவள் கேட்டிருந்தால் சிரித்துச் சிரித்துப் புரையேறியிருக்கும். கடைசியில் சக்களத்திதான் ஜெயித்தாள்.

கட்டுரையில் எதையும் மறைக்காதே. பாறைப் பற்களையும் எழுது, என் பெயரையும் சேர். எனக்காக நீ ஒன்றை விழுங்கிவிட்டு இருந்தால், பிறகு என் முகத்தைப் பார்க்கவே உனக்குப் பிடிக்காது. அதை என்னால் தாங்க முடியாது.

நேற்று தட்டை டப்பாவையும் கூர் டப்பாவையும் ஒன்றாக்கி, குவாரிப் பெயரை ஒட்டினேன். "என்ன சார், அம்மா பேரக் காணோம்?" என்றான் காவலாளி. காது கேட்காதது போல இருந்துவிட்டேன். செவிடாக இருப்பதில் அப்படி ஒரு சௌகரியம்.

கல்யாணமான நாளிலிருந்து அவளை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'இந்தாம்மா', 'இங்க பாரு', அவ்வளவுதான். அந்தப் பெயரை வாயாரச் சொன்னதெல்லாம் அந்த டிராயரைத் திறந்து யாருக்காவது காட்டும்போதுதான். இனி யாரிடம் போய்ச் சொல்வது? நேற்று வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தேன். சத்தமாகத்தான் கூப்பிட்டேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

உன் மாப்பிள்ளைக்குப் பல் தட்டையானதும் வா. வந்து என் காதுக்குப் பக்கத்தில் அவள் பெயரை ஒரு தடவை சொல்லு.

அப்பா