புது நீர்

மே 6
தங்கை மகளுக்குக் கடும் காய்ச்சல், வாந்தி. கழுத்தைத் திருப்ப முடியவில்லை. போன வாரம் நீச்சல் வகுப்பில் மூக்கில் தண்ணீர் ஏறியதை எனக்கு நடித்துக் காட்டினாள், வாலு.

மே 8
முதுகுத்தண்டு நீரில் அமீபா. மூக்கு வழியே மூளைக்கு ஏறுமாம். மருத்துவர் பூசி மெழுகவில்லை. “ரொம்ப அபூர்வம் சார். வந்துட்டா மீட்கிறது கஷ்டம்.”

மே 10
போய்விட்டாள்.

மே 11
துக்க வீட்டில் தங்கையின் மாமியார், எல்லோர் காதிலும் விழும்படி: “சளி பிடிச்ச பிள்ளைக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்தா. பெத்தவளே வாரிக் குடுத்துட்டா.” வந்தவர்கள் காபியை உறிஞ்சியபடி தலையாட்டினார்கள்.

தங்கை என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். “நானாண்ணா? ஐஸ்கிரீமா? தண்ணிதான்னு உன் பேப்பர்ல எழுதுண்ணா.”

மே 12
அவள் நீந்திய குளத்தைப் பார்த்தேன். ஓடுகளில் பாசி, மிதக்கும் காயப் பிளாஸ்டர், குளோரின் வாடையே இல்லை. அதில் பிள்ளைகள்! கத்தி வெளியேற்றினேன். சுகாதார அதிகாரி நாளை காலை நீர் எடுக்க வருகிறார்.

செய்தி தயார். எதிர்த்தரப்பைக் கேட்காமல் நான் எதையும் அச்சுக்கு அனுப்பியதில்லை. குளத்தின் உரிமையாளருக்குப் போன் செய்தேன். சோதனை பற்றியும் கேட்டேன். “நாளைக்கா? வரட்டும் சார், ரொம்ப சந்தோஷம்.” தேனொழுகும் குரல்.

மே 13
குளம் காலி. பிளீச்சிங் நெடி கண்ணை எரித்தது. அதிகாரி வெறும் பாட்டிலோடு நின்றார். “எப்படி சார் மோப்பம் பிடிச்சாங்க?”

மோப்பமா? வெற்றிலை பாக்கு வைத்துச் சொன்னதே நான்தான். சீ, என்ன வாய் இது!

ஆதாரமில்லை என்று அலுவலகத்தில் செய்தியை நிறுத்திவிட்டார்கள்.

மே 20
புதிதாக நிரப்பிய நீரின் சோதனை முடிவு: சுத்தம். உரிமையாளரே அதை அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறார். செய்தி ஆசிரியர் இளித்தார். “அவங்க தரப்பு சார். போட்டுத்தானே ஆகணும்? நீங்க சொல்லிக் குடுத்ததுதான்.”

மே 21
நானே எழுதினேன். முதல் பத்தி: நீர் சுத்தம். இரண்டாவது: சோதித்தது புது நீர், அமீபா தொற்றி இறந்த குழந்தை நீந்திய பழைய நீர் அதிகாரி வருமுன்பே வெளியேற்றப்பட்டது, சோதனை வருவதை உரிமையாளருக்குச் சொன்னவர் இந்தச் செய்தியாளர், குழந்தையின் தாய்மாமன்.

“கடைசி வரியை எடுத்துடலாமே. உங்க பேரு நாறிடும் சார்” என்றார் செய்தி ஆசிரியர்.

“நாறட்டும். அது இல்லாம மத்த எதுவும் நிக்காது.”

மே 22
தங்கை செய்தியை உரக்கப் படித்தாள், மாமியார் காதில் விழும்படி. கடைசி வரியில் குரல் நின்றது. பிறகு அதையும் படித்து முடித்தாள். பேப்பரை மாமியார் மடியில் வைத்தாள்.

என் செருப்பை வாசல் பக்கம் திருப்பி வைத்தாள்.

“நீங்க கிளம்புங்க.”