விழும் பந்து எந்த வகை?

ஜூன் 4

அன்புள்ள வாலுக்கு,

நலம்தானே? நாற்பத்தொரு இயற்பியல் மென்பொருள்களை வகை பிரிக்கும் வேலையை உன்னிடம் தந்திருக்கிறார்களாமே! உன் முதல் அறிக்கையைப் படித்தேன். மூன்று வகையாம்: பார்க்க மட்டும் ஒன்று, எண்களை மாற்றிப் பார்க்க ஒன்று, விதியையே மாணவர் எழுதிப் பார்க்க ஒன்று. பேருந்தில் பயணி, நடத்துநர், ஓட்டுநர் மாதிரி. முப்பத்திரண்டு வருஷம் பாடம் நடத்திய எனக்கு இது தோன்றவில்லையே!

என் ‘விழும் பந்து’ மென்பொருளும் பட்டியலில் இருக்கிறதாம். ஓய்வுபெற்றபின் மூன்று வருஷம் உட்கார்ந்து எழுதியது. இரண்டாம் வகைதானே? முதல் வகையைப் பள்ளிகளிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்கிறார்கள். அண்ணன் என்று சலுகை காட்டாதே. ஆனால் பதிலைச் சீக்கிரம் போடு.

உன் அண்ணன்

ஜூன் 12

அன்புள்ள அண்ணா,

ஏழெட்டுத் தாளைக் கிழித்துப் போட்டபின் இதை எழுதுகிறேன். உங்கள் பந்துக்குக் காற்றுத் தடையைப் பத்து மடங்காக்கினேன். நேரம் மாறவில்லை. உயரத்துக்குக் கழித்தல் ஐந்து மீட்டர் என்று போட்டேன். அப்போதும் சமத்தாக அதே மூன்று வினாடியில் விழுந்தது. உள்ளே கணக்கே இல்லை அண்ணா, படம்தான் ஓடுகிறது.

முதல் வகையில் சேர்த்துவிட்டேன். திட்டி எழுதுங்கள், வாங்கிக்கொள்கிறேன். பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

தங்கை

ஜூன் 20

அன்புள்ள வாலுக்கு,

உன் கடிதத்தை அண்ணி சத்தமாகப் படித்துவிட்டு, “தங்கச்சிகிட்ட வசமா மாட்டிக்கிட்டீங்களா?” என்று சிரிக்கிறாள்.

நீ சொன்னது சரி. பாடநூல் விடை வராவிட்டால் பிள்ளைகள் குழம்புவார்கள் என்று பயந்து, மூன்று வினாடியை நானே உள்ளே பூட்டி வைத்தேன். அறுபது பள்ளிகளில் ஓடியது. கழித்தல் ஐந்து போட்டுப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை, உனக்குத் தோன்றியது. இரண்டு நாள் வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். மூன்றாம் நாள், “என் தங்கச்சி கண்டுபிடிச்சுட்டா” என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் நானே போய்ச் சொன்னேன். பந்தை எடுத்துவிடச் சொல்லி எல்லாப் பள்ளிகளுக்கும் எழுதிவிட்டேன்.

பிறகு பூட்டைத் திறந்து, உண்மையான கணக்கை உள்ளே வைத்தேன். நேற்று உயரத்தைக் கூட்டினேன், தடையையும் கூட்டினேன். பந்து பாதி வழிக்குப் பிறகு வேகம் ஏறாமல் ஒரே சீராக இறங்கியது, அது சரி. கடைசியில் ஏன் லேசாக நடுங்கியது என்றுதான் தெரியவில்லை. ஒரு மணிநேரம் பார்த்தேன், பிடிபடவில்லை. விடை தெரியாமல் தேடும் இப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்து எத்தனையோ வருஷமாகிறது.

ஞாயிற்றுக்கிழமை வா. கணினி முன்னால் இரண்டு நாற்காலி போட்டு வைக்கிறேன்.

உன் அண்ணன்