ஈயம் போன பாத்திரம்

வேலைக்குப் போகும் எட்டு பத்து லோக்கல் ரயிலுக்குப் பத்து நிமிஷம்தான் இருந்தது. கணவன் நாணு, ஊரிலிருந்து வரும் தன் அம்மாவை அழைத்துவர தாதர் ஸ்டேஷனுக்குப் போயிருந்தான். ஷ்யாமளா காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலை அழுத்தி எழுதினாள்.

"சாதமும் மொளகூட்டலும் மூடி வெச்சிருக்கேன். பால் அடிப்பிடிச்சா வெந்நீர் விட்டு ஊற வைக்கணும். நீங்கள் கத்தியால சுரண்டி, பாத்திரத்துக்குள்ளே பூசின ஈயத்தையே எடுத்துட்டேள். தங்கமா மின்னறதுன்னு காட்ட வேற காட்டினேள். அது பித்தளை. புளி பட்டா களிம்பு ஏறும், அதுல ரசம் வெச்சுடாதேங்கோ. கலாய்வாலா வந்தா மறுபடி ஈயம் பூசக் குடுங்கோ.

உங்கம்மா ஆசையா வாங்கிக் குடுத்த பாத்திரம். போன வருஷம் நீங்கள் கருக்கின உருளியை நான் கருக்கினதா அவாகிட்ட சொன்னேள். நானும் வாயை மூடிண்டு நின்னேன். இந்தத் தடவை நீங்களே சொல்லிடுங்கோ. நான் ஆரம்பிச்சா பாத்திரத்தோட நிக்காது."

அடியில் மிச்சமிருந்த இடுக்கில், 'அம்மா பார்க்கறதுக்கு முன்னாடி இதைக் கிழிச்சுடுங்கோ' என்று நுணுக்கி எழுதினாள். எழுதிய கையோடு அந்த வரியை அடித்தாள்.

மாமியார் வந்ததும் முதலில் திறந்து பார்ப்பது சமையலறைப் பாத்திரங்களைத்தான். ஷ்யாமளா சீட்டை மடிக்காமல் அந்தப் பாத்திரத்துக்குள் வைத்து, மூடிவிட்டுப் படியிறங்கினாள்.