ஏழு வெள்ளிக்கிழமையிலும் இருந்த பாட்டில்

பண்டமாரான்,
ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து.

அன்பு மகள் பெர்னிசுக்கு,

மாதாவின் தயவில் நானும் அம்மாவும் உன் தம்பி மார்வினும் சுகம். அந்தக் கிளாஸ்கோ குளிரில் நீயும் சுகமாக இருப்பாய் என்று வழக்கமாக எழுதுவேன், இந்தத் தடவை அப்படி நம்பி எழுத முடியவில்லை, போன மாதம் போனில் நான் கேட்டதற்கெல்லாம் சரிப்பா சரிப்பா என்று மட்டும் சொன்னாய், என்னமோ மறைக்கிறாய். வாட்ஸ்அப்பிலேயே கேட்டிருப்பேன், அதை அம்மாவும் எடுத்துப் பார்ப்பாள் என்பதால்தான் தபாலில் எழுதுகிறேன். உன் நாவல் வந்து சேர்ந்தது. பார்சல் என் பெயருக்கு வராமல் அம்மா பெயருக்கு வந்ததையும் கவனித்தேன். கூரை ஒழுகியதை மார்வின் ஆள் வைத்துச் சரி செய்துவிட்டான். பக்கத்து வீட்டு ரெங்கசாமி கண் ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு வாசலில் உட்கார்ந்துகொண்டு, சிரில் மகள் குடும்பக் கதையை எல்லாம் எழுதிவிட்டாள் என்று போகிறவர் வருகிறவரிடம் சொல்கிறார். கண்ணைத் திறக்கவே டாக்டர் விடவில்லை, இவர் எதைப் படித்தார் என்று தெரியவில்லை.

போன சனிக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸில் உன் புத்தகத்துக்குக் கூட்டம் வைத்தார்கள். மார்வின்தான் காரில் கூட்டிப்போனான், பார்க்கிங் கிடைக்காமல் மூன்று சுற்று. நாற்பது பேர் இருக்கும். கமலநாதன் என்கிற விமர்சகர், ரிட்டயர்டு வாத்தியாராம், முக்கால் மணி நேரம் பேசினார். சொந்த வாழ்க்கையில் ஒரே ஒரு வெள்ளிக்கிழமையை எடுத்து ஏழு தடவை ஏழு விதமாக எழுதியிருப்பது பெரிய துணிச்சல் என்றார். கதையில் அம்மா ஒரு தடவை ரயிலில் வீட்டை விட்டுப் போகிறாள், ஒரு தடவை கப்பலில் போகிறாள், ஒரு தடவை அவள் எடுத்துப் போன சாமான்களின் பட்டியல் மட்டும் இருக்கிறது, ஐந்தாவது வெள்ளிக்கிழமைக்கு வெறும் வெள்ளைத் தாள், அதன் மூலையில் பாட்டில் என்று ஒரே ஒரு சொல். நான் அதை அச்சுக் கோளாறு என்று நினைத்து வேறு புத்தகம் மாற்றி வாங்கச் சொன்னேன். 'அப்பா, இது நாவல் லா, இப்படித்தான் இருக்கும்' என்று மார்வின் சிரித்தான். ஏழிலும் மாறாமல் இருப்பது மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் பச்சை மூடி போட்ட அந்தத் தண்ணீர் பாட்டில்தான். அது ரப்பர் தோட்டத்து மக்களின் தீராத தாகத்துக்குக் குறியீடு என்றார் கமலநாதன். இணைய இதழில் எழுதும் தாமரை என்கிற பெண் எழுந்து, இல்லை, அது தாயின் கருப்பை என்றது. இரண்டு பேருக்கும் நல்ல வாக்குவாதம். நான் குனிந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தேநீர் நேரத்தில் கமலநாதன் என் கையைப் பிடித்துக்கொண்டு, 'ஐயா, அந்த அப்பா நீங்கதானே, ஏழுல எது உண்மை?' என்று கேட்டார். எனக்குத் தமிழ் அவ்வளவாக வராது என்று சொல்லிவிட்டுக் காரில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

முப்பத்திரண்டு வருடம் துறைமுகத்தில் டேலி கிளார்க்காக இருந்தவன் நான். கப்பலிலிருந்து இறங்குகிற ஒவ்வொரு பெட்டியையும் பட்டியலோடு ஒத்துப் பார்க்கவேண்டும், பட்டியலில் இருந்தும் வராதது குறைவு, பட்டியலில் இல்லாமல் வந்தது உபரி. உன் புத்தகத்தையும் சிவப்புப் பென்சிலோடு அப்படித்தான் படித்தேன். உபரி நிறைய. எனக்கு மீசை வைத்திருக்கிறாய், நான் ஒரு நாளும் வைத்ததில்லை. நாய் ஒன்று குரைக்கிறது, நம் வீட்டில் ஏது நாய். அதெல்லாம் போகட்டும். குறைவு ஒன்றே ஒன்றுதான், ஆனால் ஏழு இடத்திலும் அதே குறைவு. ஒரு பெட்டியில் ஒரு சாமான் இல்லையென்றால் ஏற்றியவன் மறந்திருப்பான், ஏழு பெட்டியிலும் அதே சாமான் இல்லையென்றால் யாரோ தெரிந்தே எடுத்திருக்கிறார்கள். அம்மா ஏன் போனாள் என்பதை நீ ஒரு இடத்திலும் எழுதவில்லை. அப்படியென்றால் உனக்குத் தெரியும். யார் சொன்னது? அம்மாவின் சிநேகிதி அமுதவள்ளி மேல்தான் எனக்குச் சந்தேகம், அவள் வாய் சும்மா இருக்காது. அடுத்த புத்தகத்துக்கு என்று பத்திரப்படுத்தி வைத்திருக்கிறாயோ என்றும் தோன்றுகிறது. இரண்டு வாரமாக அதே பயம். நீ எழுதி ஊர் படிப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

உனக்கு அப்போது ஒன்பது வயது. தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் அம்மாவுக்கு வேலை கிடைத்து, ஒரு வியாழக்கிழமை கடிதம் வந்தது. ஷிஃப்ட் வேலைக்குப் பெண்டாட்டியை அனுப்பினான் என்று சொந்தக்காரர்கள் பேசுவார்களே என்று, அந்தக் கடிதத்தை அவள் முன்னாலேயே கிழித்துப் போட்டேன். மறுநாள் காலையில் அவள் பையை எடுத்துக்கொண்டு அமுதவள்ளி வீட்டுக்குப் போய்விட்டாள், அங்கிருந்தே வேலையிலும் சேர்ந்தாள். அம்மா எங்கே என்று நீ கேட்டதற்கு, புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோவிலுக்குத் திருயாத்திரை போயிருக்கிறாள் என்று சொன்னேன். அங்கே போகிறவர்கள் ஊற்றுத் தண்ணீர் எடுக்காமல் திரும்பமாட்டார்கள், அம்மா வெறுங்கையோடு வந்தால் நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று அன்று மாலையே ஒரு சோடா பாட்டிலில் சமையலறைக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து மாதாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். அம்மா வந்ததோ அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை. கப்பல் வருவதற்கு முன்னால் சரக்கு இறங்கிவிட்டது, ஒரு டேலி கிளார்க் செய்கிற காரியமா இது. திங்கட்கிழமையிலிருந்து நம் வீட்டிலிருந்தே அம்மா வேலைக்குப் போனாள், நான் தடுக்கவில்லை. உன் ஒவ்வொரு பரீட்சைக்கும் அந்தத் தண்ணீரைத்தான் நெற்றியில் தொட்டு வைத்தேன், குறையக் குறைய நானே குழாயில் நிரப்பினேன். நீ கிளாஸ்கோவுக்குப் புறப்படும்போது அதையும் கேட்டு வாங்கினாய், துண்டில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். அது தாகமும் இல்லை கருப்பையும் இல்லை, நான் சொன்ன பொய். வெட்கமாக இருக்கிறது மகளே.

செவ்வாய்க்கிழமை.

மேலே உள்ளதை எழுதி பைபிளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன். ஸ்டாம்ப் வாங்கிக்கொண்டு வருவதற்குள் அம்மா எடுத்துப் படித்துவிட்டாள். ஒளித்து வைக்கிற இடமெல்லாம் அவளுக்கு எப்படித்தான் தெரிகிறதோ. கோபப்படுவாள் என்று நின்றேன். அவள் கறிவேப்பிலை உருவிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள், 'அவளுக்கு அப்பவே தெரியும்ங்க. நான் வந்து பையைக்கூட கீழ வைக்கல, காதுல வந்து கேட்டா, நீங்க இப்பதானே வரீங்க, தண்ணி எப்படிமா முன்னாடியே வந்துச்சுன்னு. அப்பா பாவம், கேட்டா கூச்சப்படுவாரு, கேட்காதேன்னு சொல்லிட்டேன்.' அப்படியென்றால் கிளாஸ்கோவுக்கு எதற்காகக் கேட்டு வாங்கினாள் என்றேன். 'குழாய்த் தண்ணின்னு தெரிஞ்சுதான் கேட்டா. அப்பா பிடிச்ச தண்ணிம்மா, இருக்கட்டும்னு சொன்னா' என்றாள். பிறகு, அந்த வேலைக் கடிதத்தை நான் கிழித்ததை மட்டும் தான் உன்னிடம் இன்றுவரை சொன்னதே இல்லை என்றாள். என் கணக்கு தப்பு, அமுதவள்ளியும் வாய் திறக்கவில்லை. தெரியாததால்தான் ஏழு இடத்திலும் நீ எழுதவில்லை. 'இதையும் கிழிக்கிறதுன்னா கிழிச்சிடுங்க, அவளுக்குத் தெரியவே வேணாம்' என்று சொல்லி இந்தத் தாள்களை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

பின்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். அழுதேன் என்றே எழுதுகிறேன். கிழிக்காமல் அனுப்புகிறேன். இதை எழுத வேண்டுமென்று தோன்றினால் எழுது, மீசை மட்டும் வேண்டாம். ஃபேஸ்புக்கில் விமர்சகர்களோடு சண்டைக்குப் போகாதே, அவர்கள் தாகம் என்றே சொல்லிக்கொண்டு போகட்டும். நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. நீங்கள் இரண்டு பேரும் இன்னும் என்னென்ன மறைத்து வைத்திருக்கிறீர்கள் என்று எனக்குச் சந்தேகம் விட்டபாடில்லை.

அன்னம்மாள் உனக்கு எப்போதும் துணையிருக்கட்டும், எங்கள் ஆசீர்வாதம். கிறிஸ்துமஸுக்கு வரும்போது அந்தப் பாட்டிலை மறக்காமல் எடுத்து வா. குறைந்திருந்தால் நிரப்பித் தருகிறேன், அதே குழாய்தான்.

உன் அப்பா,
ம. சிரில்