ஆறாத கருங்கல்

ஆயுத பூஜை, காலை 6.10
கண்டெடுப்பவருக்கு வணக்கம். மூத்த பேரன் செழியன் நிலாவில் சுரங்க இன்ஜினியர். அடுத்தவள் பூவரசி கோவையில் கண் டாக்டர். கடைக்குட்டி நித்திலா கல் படிப்பில் தங்கப் பதக்கம் வாங்கியவள். இமயத்தில் இருக்கும் இந்த ஸ்பிதி மலைச் சுரங்க நிலையமே அவள் பொறுப்பு. சமையலும் இந்தக் குறிப்பும் அவள் அம்மாயி ராமாத்தாள், என் பொறுப்பு. குளிர் அதிகம். கருவிகள் சரி. நித்திலா உள்ளே போனாள்.

காலை 8.30
வயர்லெஸ்ஸில் நித்திலா: "அம்மாயி, மலை பூராவும் பழைய கடல் சேறு, அடுக்கடுக்கா கல்லாயிருக்குது. சிப்பிகூட இருக்குது. நடுவுல ஒரு கருங்கல்லு சுவராட்டம் கிழிச்சுட்டு ஏறியிருக்குது. கோடி வருசத்துக்கு முன்னால உருகி வந்தது. இன்னிக்குச் சுடுது!"
"தொடாத கண்ணு. கேசரி ஆறுது, வந்துரு."
"கல்லு மேல வெச்சா சூடாயிரும் போ!"
அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காலை 9.15
இருப்புக் கொள்ளவில்லை. துளை போடும் மெஷினுக்குப் பொட்டு வைத்தேன். உள்ளே போகிறவர் தன் பெயர் வில்லையை வாசல் பலகையில் மாட்ட வேண்டும், இங்கே அதுதான் விதி. நித்திலாவின் பித்தளை வில்லை கறுத்துத் தொங்கியது. நல்ல நாளும் அதுவுமாக இப்படியா? கழற்றிப் புளி போட்டுத் தேய்த்து, சந்தனமிட்டுப் பூஜைத் தட்டில் வைத்தேன். பொன்னாக மின்னுகிறது.

காலை 9.40
சுரங்க வாசலின் தானியங்கிக் கதவு பேசியது: "வெப்பம் எல்லை தாண்டியது. பலகையில் வில்லை இல்லை. உள்ளே ஆள் இல்லை. மூடுகிறேன்."
இரும்புக் கதவு இறங்கிவிட்டது. ஐயோ, பிள்ளை உள்ளே. ஓடிப்போய் வில்லையை மாட்டினேன். "உரியவர் கை படாத வில்லை செல்லாது."

காலை 9.55
நித்திலா: "அம்மாயி, கதவத் தொற! கருங்கல்லு வெடிச்சு ஆவி வருது!"
அடிவார முகாம்: "பாட்டிம்மா, ஹெலிகாப்டர் சாயங்காலம்தான் வரும்."
சாயங்காலமாம்.

காலை 10.05
என் வில்லையை என் கையால் மாட்டினேன். "ஒருவர் உள்ளே செல்கிறார்." கதவு ஏறிவிட்டது. என் வில்லை தொங்கும்வரை மூடாது. வெக்கை முகத்தில் அறைகிறது. வயர்லெஸ்ஸில் இருமல் மட்டும் கேட்கிறது. கம்பளியை நனைத்துப் போர்த்திக்கொண்டேன். பிள்ளையைக் கூட்டிவர உள்ளே போகிறேன்.

கண்டெடுப்பவரே, என் வில்லையைத் தொடாதீர்கள். துடைக்கக்கூட வேண்டாம்.

செழியா, பூவரசி, வாசலில் ஒட்டிய உங்கள் படம் வெக்கையில் சுருண்டுவிட்டது. புதுசாக ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்புங்கள். நித்திலா வெளியே வந்ததும் பார்க்க—