சர்க்கரை டப்பாவில் சாவி

எலாடியோ,

சூப்பு அடுப்பில் இருக்கிறது. தெரெரே இலையில் ஊற்றிக் குடிக்க ஐஸ் தண்ணீர் பிளாஸ்கில். நான் மாலை டூட்டிக்குக் கிளம்புகிறேன்.

நிமியா மறந்துவிட்டுப் போன ஸ்வெட்டரைக் கொடுக்க இன்று அவளுடைய மாற்றுத்திறனாளி மையத்துக்குப் போனேன். வாசலிலேயே உறைந்துவிட்டேன். 'புத்தி வளர்ச்சி கம்மி' என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து முப்பது வருஷமாக நான் கறித்துண்டைக்கூட நறுக்கிப் போடும் நம் மகள், முழநீளக் கத்தியால் நாற்பது பேருக்கு மரவள்ளிக்கிழங்கு வெட்டிக்கொண்டிருந்தாள்!

"ரெண்டு வருஷமா எங்க சமையல்கட்டே இவங்க கையிலதான்" என்று சிரிக்கிறாள் பயிற்சி கொடுக்கும் ரமோனா.

"வீட்ல ஏன்டி வெட்டறதில்ல?" என்று நிமியாவைக் கேட்டேன்.

"நீ பயந்துக்குவம்மா. பாவம்னு விட்டுட்டேன்."



ராத்திரி கறியை அவளே நறுக்கட்டும். கத்தி டிராயரின் சாவியைச் சர்க்கரை டப்பாவில் ஒளித்து வைத்திருக்கிறேன்.

பி.கு.: இப்போதுதான் பார்த்தேன், டப்பாவில் சாவி இல்லை! நிமியாவின் அறையில் ஆணியில் தொங்குகிறது. அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை அவள் கையில் நான் பார்த்த கத்தியை அவளேதான் எடுத்தாளா? நீ கொடுத்தாய் என்று உன் தம்பிமார் முன்னால் கத்தினேனே. வாயைத் திறக்காமல் வாங்கிக் கட்டிக்கொண்டாயே, மனுஷா!