கேம் பெட்டிக்குள் ஊற்றிய தீர்த்தம்

சித்திரை 23, புதன்

விடியும்போதே காந்தல். கத்திரி ஆரம்பித்துவிட்டது. வடகம் பிழிந்து மாடியில் போட்டேன், மதியத்துக்குள் சருகு.

மாடி அறையில் கீர்த்தியின் கேம் பெட்டி (விளையாடும் கம்ப்யூட்டர்) இன்றும் ஆட்டத்தின் நடுவில் அணைந்துபோனது. சூடு. தொட்டால் தோசைக்கல். சர்வீஸ்காரர் பார்த்துவிட்டார், தூசி தட்டிவிட்டார், பெட்டியில் குறை இல்லை, அறைதான் அனல் என்கிறார்.

காலையில் இரண்டு மில்லுக்கு ஜி.எஸ்.டி. வேலை, மதியத்துக்கு மேல் விளையாட்டு. இதுதான் என் மகளின் நாள். ஐந்து பெண்கள் ஒரு டீம், கேப்டன் ஈரோட்டுப் பெண். வைகாசி 3, ஞாயிறு, பெரிய ஆட்டம். தேர்வானால் சென்னையில் இரண்டு மாதம் தங்கிப் பயிற்சி. பெட்டி இன்னொரு முறை பாதியில் நின்றால் கீர்த்தி இடத்துக்கு வேறு பெண்ணைப் போடுவார்களாம்.

நங்கையா (வீட்டுக்காரரின் அக்கா) போன். தாராபுரத்து இடம், தென்னந்தோப்பு, ஒரே பையன். ஜாதகம் பொருந்துகிறது. கணக்கு வேலை போக மீதி நேரம் பொண்ணு என்ன பண்றா என்று கேட்டார். கம்ப்யூட்டரில் ஏதோ கோர்ஸ் படிக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகு முகம் எரிந்தது. பூஜை அறைக்கு எதிரே நின்றுகொண்டு சொன்ன பொய்.

சித்திரை 25, வெள்ளி

விளக்கு, கோலம், அம்மனுக்கு எலுமிச்சை மாலை.

கீர்த்தி ஒருநாள் சிரித்துக்கொண்டே காட்டிய வீடியோவைத் தனியாக உட்கார்ந்து மறுபடி பார்த்தேன். கேம் பெட்டிக்குத் தண்ணீரால் சூடு தணிக்கிறார் ஒருவர். இங்கிலீஷ் வேகம். நிறுத்தி நிறுத்தி, புரியாத சொல்லை எழுதி, அகராதி பார்த்து. பத்தாவதோடு நின்ற படிப்பு. கிரைண்டரும் மிக்ஸியும் இப்படித்தான் பழுது பார்க்கக் கற்றேன்.

புரிந்தது: பெட்டியின் மூளைச் சில்லு மேல் ஒரு செம்புப் பாளம். பாளத்துக்குள் சீப்புப் பல் மாதிரி மெல்லிய சால்கள். அதில் தண்ணீர் ஓடிச் சூட்டை எடுத்துக்கொண்டு ரேடியேட்டருக்குப் போகும், ஆறும், டேங்குக்கு வரும், பம்ப் மறுபடி தள்ளும். வாய்க்கால் மடை திருப்புவதுதான், அளவு சின்னது.

வேண்டியவை:
செம்புப் பாளம் – அவர் பட்டறை மிச்சம், செலவில்லை
சின்ன ரேடியேட்டர், 2 ஃபேன் – காந்திபுரம் பழைய கம்ப்யூட்டர் சாமான் கடை
விரல் நீளப் பம்ப் – அதே கடை
டியூப், கிளிப், வாசர் – பெரியநாயக்கன்பாளையம்
டிஸ்டில்டு வாட்டர் – இன்வெர்ட்டருக்கு வாங்கியதே இருக்கிறது

அவரிடம் தயங்கித்தான் கேட்டேன். பம்ப் செட் பட்டறை வைத்திருப்பவர், சிரிப்பார் என்று தெரியும்.

“மோட்டார்க்காரன் ஊட்டுல இனி டிவிப் பொட்டிக்கும் போர் போட்டறலாம். எத்தன அடில தண்ணி வேணும், அம்மணி?”

சிரித்தாலும் பாளத்தை எடுத்துக்கொண்டு போனார்.

சித்திரை 27, ஞாயிறு

பாளம் வந்துவிட்டது. அவரே நின்று சால் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். விரலால் தடவினால் தெரியாது, நகத்தால் தடவினால் தெரிகிறது.

பெட்டியைத் திறந்தோம். கீர்த்தி கண்ணை மூடிக்கொண்டாள். ஸ்க்ரூக்களைக் கழற்றிய வரிசையில் முட்டை அட்டையின் குழிகளில் போட்டு வைத்தேன். சில்லு மேல் சூடு கடத்தப் பூசியிருந்த பழைய பசை காய்ந்து பொருக்காக இருந்தது. ஸ்பிரிட்டில் துடைத்து, புதுப் பசை கடுகளவு.

“இது போச்சுன்னா இன்னொன்னு வாங்க என்னால ஆகாதும்மா. தெரிஞ்சுதான செய்யற?”

தெரிந்துதான் செய்கிறேன் என்றேன்.

மதியம் சோறு வைக்க மறந்துபோனேன். ஓட்டலில் வாங்கினார் அவர். வீட்டுக் கணக்கில் எழுதவில்லை, வெட்கம்.

சித்திரை 30, புதன்

பெட்டிக்குக் கரண்ட் கொடுக்காமல் பம்ப் மட்டும் ஓட்டம். ஒவ்வொரு இணைப்பின் கீழும் பேப்பர். நனைந்தால் தெரியும். காலையில் இரண்டு இடம் நனைந்திருந்தது. வாசர் மாற்றி, கிளிப் இறுக்கி, மறுபடி. மாலை வரை காய்ந்த பேப்பர். அந்தப் பேப்பரைத் தூக்கிப்போட மனம் வரவில்லை.

பால்காரம்மா எட்டிப் பார்த்துவிட்டு, சலைன் ஏத்தறீங்களா என்று கேட்டுப் போனார்.

நங்கையா மறுபடி போன். தாராபுரத்தார் அடுத்த வாரம் பெண் பார்க்க வரலாமா என்று கேட்கிறார்களாம். கீர்த்தியிடம் சொன்னேன். ஆட்டம் முடியட்டும், சென்னை போய் வந்த பிறகு பார்க்கலாம் என்றாள். போய் வந்த பிறகு. தேர்வு ஆகிவிட்டது போலவே பேசுகிறாள். தென்னந்தோப்புக்காரர் இரண்டு மாதம் காத்திருப்பாரா? வயது இருபத்தாறு. அடுப்படியில் தனியாக நின்று அழுதேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்ததால் யாரும் கேட்கவில்லை.

வைகாசி 1, வெள்ளி

மாதப் பிறப்பு. தலைக்குக் குளித்து விளக்கேற்றினேன். நாளை அமாவாசை.

எல்லாம் பூட்டியாகிவிட்டது. தண்ணீர் நிரப்பும் வேலை மட்டும். கீர்த்தியும் அவரும் கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். டேங்கில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினேன், கழுத்துக்குக் கொஞ்சம் கீழே நிறுத்தினேன்.

எங்கள் வீட்டில் எந்த மோட்டார் புதிதாக ஓடினாலும் முதலில் ஒரு கரண்டி தீர்த்தம். தோட்டத்துப் போர் போட்டபோதும் அப்படித்தான், பட்டறையில் ஒவ்வொரு பூஜைக்கும் அப்படித்தான். பங்குனி நோம்பிக்குக் கொடுமுடியிலிருந்து கொண்டுவந்த காவேரித் தீர்த்தம் சொம்பில் இருந்தது. மஞ்சளும் துளசியும் போட்டது. ஒரு கரண்டி எடுத்து டேங்கில் விட்டேன். வடிகட்டவில்லை. தீர்த்தத்தை யார் வடிகட்டுவார்கள்.

ஊற்றும்போது வேண்டிக்கொண்டது: அம்மா தாயே, இந்த விளையாட்டு இத்தோடு இவளை விட்டுப் போகட்டும். சென்னை வேண்டாம். நல்ல இடம் அமையட்டும்.

பெட்டி ஓட வேண்டும் என்று இத்தனை நாள் முதுகு ஒடியச் செய்துவிட்டு, கடைசியில் அவளுக்கு எதிராகக் கும்பிட்டேன். மூடியைத் திருகிவிட்டுக் கீழே வந்து ரசம் ஊற்றினேன்.

வைகாசி 2, சனி

அமாவாசை. காக்கைக்குச் சோறு.

ஓடியது. மதியம் முழுவதும் ஓடியது. பெட்டி மேல் கை வைத்துப் பார்த்தேன், இளஞ்சூடு, அவ்வளவுதான். பழைய ஃபேன் இரைச்சல் இல்லை, பம்ப்பின் முனகல் மட்டும்.

கீர்த்தி போட்டோ எடுத்து டீமுக்கு அனுப்பிவிட்டாள். ஸ்பீக்கரில் அந்த ஈரோட்டுப் பெண் பேசினாள்.

“ஆண்ட்டி, எங்கூட்டுக்கும் ஒருக்கா வாங்க. எங்கம்மா என் பொட்டியப் பழைய இரும்புக்குப் போடறனுங்கறாங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். கீர்த்தி என் தோளில் கை போட்டுக்கொண்டு, எங்கம்மா வீடியோ பார்த்தே கற்றது என்று சொன்னாள். அவள் கை பட்ட இடம் சுட்டது. தண்ணீர் கொஞ்சம் மஞ்சளாகத் தெரிகிறதே என்று கேட்டாள். டியூபின் நிறம் என்றேன். இரண்டாவது பொய்.

தீர்த்தத்தை வெளியே எடுத்துவிடலாமா என்று ஒரு நினைப்பு. எடுத்துக் கொட்டினால் பாவம் என்று இன்னொரு நினைப்பு. எடுக்கவில்லை.

வைகாசி 3, ஞாயிறு

அனல். காற்றே இல்லை.

மூன்று மணிக்கு ஆட்டம். நான் அறை வாசலில். முதல் சுற்று ஜெயம். இரண்டாவது சுற்றில் பம்ப் சத்தம் மாறியது. முனகல் போய், பல்லைக் கடிப்பது போல ஒரு சத்தம். எனக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம், நிறுத்து கண்ணு என்று. வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

திரை கறுத்தது. போன் ஸ்பீக்கரில் நாலு பெண்கள் கீர்த்தி கீர்த்தி என்று கூப்பிடுவது வாசல் வரை கேட்டது.

தோற்றுவிட்டார்கள்.

ஈரோட்டுப் பெண்ணுக்குப் போன் போட்டுக் கீர்த்தி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

“எங்கம்மா செஞ்சதுல ஒண்ணும் தப்பில்லைங்க்கா. டேங்க் மூடிய நாந்தான் சரியா மூடாம உட்டுப்போட்டேன்.”

மூடியை அவள் தொடவே இல்லை. என்னைக் காப்பாற்ற ஒரு பொய். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். சாயங்காலம் விளக்கு வைக்கப் போனபோது அம்மன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கேட்டதைக் கொடுத்துவிட்டாள்.

வைகாசி 4, திங்கள்

ஈரோட்டுப் பெண் நல்லவள். புதன்கிழமை இன்னொரு ஆட்டம், கடைசி வாய்ப்பு. அதற்குள் பெட்டி சரியானால் கீர்த்தி, இல்லாவிட்டால் வேறு பெண். சேலத்தில் ஒருத்தி தயாராக இருக்கிறாளாம்.

கீர்த்தி குளிக்கப் போனதும் மாடிக்குப் போனேன். அவள் வருவதற்குள் பாளத்தைக் கழற்றிக் கழுவிப் பூட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது. அப்படித்தான் நினைத்தேன். எழுதவே கூசுகிறது.

கழற்றினேன். சால் முழுக்க மஞ்சள் அப்பி, துளசி நார் குறுக்கே சிக்கி, சூட்டில் வெந்து களியாகியிருந்தது. பம்ப்பின் காற்றாடியிலும் ஒரு இலை. நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தபோது பின்னால் ஈரத்தலையோடு நின்றாள்.

மோந்து பார்த்தாள். வேறு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அறை முழுக்கத் தீர்த்த வாசம்.

நல்லது நடக்க வேண்டும் என்றுதானே ஊற்றினாய், போகட்டும் என்றாள். அவளே எனக்கு ஒரு வழி திறந்துவிட்டாள். ஆமாம் என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும்.

“இல்ல சாமி. நீ சென்னைக்குப் போகக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டு ஊத்துனேன்.”

அவள் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. துவட்டிவிடக் கை போயிற்று, தள்ளிக்கொண்டாள்.

“வேண்டாம்னா எங்கிட்ட சொல்றதுக்கென்ன? சண்டையாச்சும் போட்டிருப்பனில்ல.”

பிறகு பாளத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

“நீ அக்கட்டால போய் உக்காரும்மா. இத நான் பாத்துக்கறேன்.”

வைகாசி 5, செவ்வாய்

மழை வருவது போல இருட்டி, வராமல் போயிற்று.

கீர்த்தி பழைய டூத் பிரஷ்ஷால் ஒவ்வொரு சாலாகத் தேய்த்தாள். டியூப் எல்லாம் அலசிவிட்டாள். பசை வைக்கும்போது மட்டும் திரும்பிப் பார்க்காமல், இவ்வளவு போதுமா என்றாள். கடுகளவு போதும் என்றேன் வாசலிலிருந்து. இன்று எங்களுக்குள் நடந்த பேச்சு இவ்வளவுதான். என் கைக் காபி குடித்தாள், அது வரை சரி.

அவருக்கு எதுவும் தெரியாது. என்ன அம்மாளும் மகளும் ஊமைக் கச்சேரி என்று கேட்டார். நானே சொல்லிவிட்டேன், எல்லாம். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நங்கையாவுக்குப் போன் போட்டேன். கோர்ஸ் எல்லாம் இல்லைங்க, விளையாட்டுத்தான், ஜெயித்தால் சென்னை போகிறாள் என்று சொன்னேன். அதைப் போய் நான் எப்படிம்மா அவங்க கிட்டச் சொல்றது என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார். தாராபுரம் அநேகமாக முடிந்தது.

வைகாசி 6, புதன்

வெயில். குழம்பு, பீர்க்கங்காய்ப் பொரியல். சாமான் எல்லாம் நேரத்தோடு கழுவியாயிற்று.

நாலு மணிக்கு ஆட்டம். கீர்த்தியே தண்ணீர் நிரப்பினாள், கடைத் தண்ணீர் மட்டும். மூடியை அவளே திருகினாள். நான் மாடிப் படியில் உட்கார்ந்திருந்தேன், உள்ளே வா என்று அவள் சொல்லவில்லை, நானும் போகவில்லை.

ஆட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருப்புக் கொள்ளாமல் கீழே போய் விளக்கேற்றினேன். கை கூப்பியாயிற்று. ஆனால் என்ன கேட்பது? ஜெயிக்க வை என்று கேட்டால் அம்மன் நம்புவாளா, வெள்ளிக்கிழமை இதற்கு நேர்மாறாகக் கேட்டவள்தானே நான். அப்படியே நின்றேன். எண்ணெய் புகைந்தது, திரியைத் தூண்டவும் தோன்றவில்லை.

மாடியிலிருந்து கீர்த்தியின் குரல்.

“அம்மா, சாமி ரூம்புலயா இருக்கற?”

ஆமாம் என்றேன்.

“ஒண்ணுங் கேக்காத. சும்மா கும்புட்டுப்போட்டு மேல வா. ஆரம்பிக்கப் போறாங்க.”